பன்னிரண்டு பேரின் கை

மதியம் பன்னிரண்டரை மணிக்கு நான் என் இடது கையை வெயிலில் காயப்போடுவேன்.

எங்கள் ஆய்வகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசி இயந்திரங்களின் விசிறிகளுக்கும் நடுவே, கால் ஆடும் நாற்காலி ஒன்று கிடக்கிறது. அதில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி கையை மடியில் வைத்துக்கொள்வேன். இருபது நிமிடம். நேரம் பார்க்கச் சமையலறை மணி ஒன்று வைத்திருந்தேன், கோழிக்குஞ்சு வடிவத்தில். அது கத்தியதும் சட்டையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கீழே போய்விடுவேன்.

முதலில் என்னைக் கண்டுபிடித்தவர் கிடங்கு அண்ணன். ரசாயனப் புட்டிகளுக்கும் குளிர் அறைக்கும் அவர்தான் பொறுப்பு. தொட்டியில் தண்ணீர் பார்க்க வந்தவர் நின்றுவிட்டார்.

"சாப்பிடற நேரத்துல இங்க என்னம்மா தவம்?"

"பழம் பழுக்க வைக்கறேன்ணே."

அவர் குனிந்து கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, உட்பக்கத்தில், இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு சதுரங்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. முந்தின வாரம் குளிர் அறையின் கடைசித் தட்டிலிருந்து, ஈயத்தாள் சுற்றிய ஒரு சின்னக் குப்பியை எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. தொட்டி மூடியைத் திறந்தார், மூடினார். "எரியுமே" என்றார்.

எரிந்தது. நான் படித்த தூர தேசத்துக் கதைகளில் பழிவாங்குகிறவர்களிடம் வாள் இருந்தது, நஞ்சு இருந்தது, விடியும்வரை ஓடக்கூடிய குதிரை இருந்தது. என்னிடம் ஒரு கைதான் இருந்தது. அதுவும் ஏற்கெனவே திருடப்பட்ட கை.

*

அந்தச் செடி சாக்கடை ஓரத்திலும் தண்டவாளக் கற்களுக்கு இடையிலும் வளர்வது. யாரும் நட்டதில்லை, யாரும் பிடுங்குவதும் இல்லை. இலையைக் கசக்கினால் மழையில் நனைந்த புத்தகத்தின் வாசனை வரும். அதை நிழலில் உலர்த்தி, அரைத்து, ஸ்பிரிட்டில் மூன்று நாள் ஊறவைத்து, வடித்து, சுழலும் குடுவையில் ஆவியாக்கினால் அடியில் தார் போல ஒன்று தங்கும். அந்தத் தாரை ஐந்து பகுதிகளாகப் பிரிப்பது என் வேலை. மூன்றாம் பகுதியின் மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு கண். விளக்கொளியில் சுட்ட தோல் செல்களின் மேல் அதை விட்டால், உள்ளே மூண்ட அழற்சி பாதியாக அடங்கியது. தோல் கிழடு தட்டுவதில் பெரும்பங்கு வெளியே தெரியாமல் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் இந்த அழற்சிதான். அது அடங்கிப்போன இடத்தில் பிறகு கரும்புள்ளியும் விழாது. மூன்று வருடம் நான் ஓடியது இந்த ஒரு வரிக்காக.

காரணம் என் அக்கா. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. அவள் நில அளவையாளர். நாள் முழுக்க வெட்டவெளியில் மூன்றுகால் கருவியின் பின்னால் நிற்கிற வேலை. "கறுப்பா இருந்தா எனக்கென்னடி, ஒரே மாதிரி கறுத்தா பரவால்ல. இப்படித் திட்டுத் திட்டா இருக்கறதுதான் மேப்பு மாதிரி இருக்கு. எவனாவது வந்து எல்லைக்கல் நட்டுருவான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் குடும்பப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுவாள்.

எங்கள் ஆய்வகத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. எது தயாரானாலும் முதல் சொட்டைத் தயாரித்தவர் தன் கையில்தான் விட்டுக்கொள்ள வேண்டும். அனுமதிக் குழுவுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துவிடும். அளவுக் கருவியை யாருக்காவது இயக்கிக் காட்டுவதென்றாலும் சொந்தக் கையில்தான் காட்டுவோம். அடுத்தவர் கையைப் பிடிப்பது அங்கே மரியாதைக் குறைவு.

மேலதிகாரி மட்டும் இந்த வழக்கத்துக்கு விலக்கு. நாங்கள் அவரைப் பாலிஷ் என்போம். செருப்பிலிருந்து பேச்சுவரை எதையும் கழுவாமலே பளபளக்க வைக்கத் தெரிந்தவர். காரிலிருந்து வாசலுக்கு இருபது அடி. அதற்கும் மரப்பிடி போட்ட கறுப்புக் குடை பிடித்துத்தான் வருவார். தோலைப் பற்றித் தெரிந்தவர் வெயிலுக்கு மரியாதை கொடுப்பார் என்பது அவர் வாயிலிருந்து அடிக்கடி விழும் வாக்கியம்.

தன்னார்வலர்களைச் சேர்க்க அனுமதி தாமதமானபோது, என் கையையே முழுசாகப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர் அவர்தான். இரண்டு சென்டிமீட்டர் அளவில் பன்னிரண்டு ஜன்னல்கள் வெட்டிய பிளாஸ்டிக் தகடு ஒன்றும் வந்தது. அதைக் கையில் வைத்து, சோப்புக் கரைசல் ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் சிவக்க வைத்தேன். பிறகு மூன்றாம் பகுதியைப் பூசினேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. தோலின் நிறத்தை எண்ணாகக் காட்டும் பழைய நிறமானியால் தினமும் அளந்தேன், படம் எடுத்தேன். ஐந்தாம், ஆறாம் சதுரங்களின் குறுக்கே ஒரு தழும்பு ஓடுகிறது. எனக்கு நாலு வயதில் அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனதன் மிச்சம். அது படத்தில் விழுகிறதே என்று பாலிஷிடம் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஒன்பதாம் நாள் அரைக்கைச் சட்டையோடு வீட்டு மாடியில் துணி உலர்த்தினேன். மாலைக்குள் பன்னிரண்டு சதுரமும் சிவந்தன. அதிலிருந்து நான்காம் நாள் கறுத்தன. நிழலில் நெருப்பை அணைக்கிற அதே பொருள், வெயில் பட்டதும் தானே நெருப்பாகிவிடுகிறது. கறுப்பு மங்க ஏழு மாதம் ஆனது. நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'பகலில் பூசக் கூடாது. வெயிலுக்குப் போகிறவர் தொடவே கூடாது.'

பாலிஷ் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். அது என் தோலின் குணம் என்றார். நோட்டு அவரிடம் போனது. எனக்குப் புது நோட்டு வந்தது.

அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. என் பெயர் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதிலிருந்த படவரிசை. பன்னிரண்டு தன்னார்வலர்கள், பன்னிரண்டு தோல் சதுரங்கள், கீழே ஒவ்வொருவருக்கும் வயது, பால். முதலாமவர் முப்பத்தைந்து வயதுப் பெண். ஐந்தாமவர் ஐம்பத்திரண்டு வயது ஆண். ஆறாமவர் கல்லூரி மாணவி. பன்னிரண்டு பேரும் நான். சில படங்களைத் தலைகீழாகத் திருப்பி, சிலவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். என் ஒரு கையிலிருந்து ஒரு சின்ன ஊரையே குடியேற்றியிருந்தார் மனுஷன். வெயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன். கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. கவனித்தார்கள்: மறுவாரம் என்னைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

இவ்வளவையும் நான் விழுங்கியிருப்பேன். வயிறெரிந்துகொண்டே குடுவை கழுவிக் காலம் தள்ளுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் அந்த வருடக் குடும்ப நாள் விழாவில் பாலிஷ் ஒரு காரியம் செய்தார். விற்பனைக்கு வரப்போகும் களிம்பின் மாதிரி டப்பாக்களை ஊழியர் குடும்பங்களுக்கு அவர் கையாலேயே கொடுத்தார். எனக்கு அன்று காய்ச்சல், போகவில்லை. அக்கா தன் பிள்ளைகளோடு போயிருந்தாள். "உங்க தங்கச்சி கை பட்ட மருந்தும்மா இது. காலையும் சாயந்தரமும் பூசுங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அக்கா என்னிடம் சொல்லவில்லை. முகம் தெளிந்த பிறகு வந்து நின்று என்னை அசத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். என் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும் என் மருந்து அவள் முகத்தில் இருக்கட்டும் என்று தினமும் காலையில் பூசிக்கொண்டு, வெட்டவெளியில் போய் நின்றிருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளின் இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், அவள் விரல்கள் இழுத்த வழியே கருநீலப் பட்டைகள். எந்த விரல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றுகூடத் தெரிந்தது.

"ஏதோ ஊரக் கெடுத்தவ மாதிரி மூஞ்சில கரியப் பூசிட்டுத் திரியறேன்டி" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கும்போது தோல் இழுத்து வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ செஞ்சதுதானே இது? நான்தான் தப்பாப் பூசிட்டேனா?"

அந்தக் கேள்வியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

*

இரண்டாம் கட்டச் சோதனைக்கு இருநூறு பேரைச் சேர்க்க, நிபுணர் குழு ஒன்று ஒப்புதல் தர வருவதாக இருந்தது. வர ஐந்து வாரம் இருந்தது. மறுபடியும் கடிதம் எழுதுகிற முட்டாள்தனத்தை நான் செய்யவில்லை. நோட்டைப் பிடுங்கலாம், கோப்பைத் தொலைக்கலாம். தோலை உரித்தா எடுத்துப் போவார்?

தகடு கழிவுப் பெட்டியில் கிடைத்தது. காலையில் வந்ததும் கழுவும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தகட்டைத் தழும்புக்கு நேராகப் பொருத்தி, பன்னிரண்டு ஜன்னலிலும் பூசுவேன். மதியம் மாடி. இரண்டாம் வாரம் கொப்புளம் வந்தது. மூன்றாம் வாரம் சட்டை உரசினாலே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நிறம் மட்டும் நான் நினைத்ததைவிட அழகாக ஏறியது. முதலில் தேநீர், பிறகு தேன்மெழுகு, பிறகு ஈர மரப்பட்டை. பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். கைக்குழந்தை வைத்திருப்பவளைப் போல எனக்கு இடம் விட்டார்கள். உண்மையில் நான் எதையோ வளர்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நிபுணர் வரும் நாளில் பாலிஷ் என்னைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழைய நிறமானி எனக்கு மட்டும்தான் அடங்கும். வெள்ளை ஓட்டின் மேல் வைத்து அதைச் சரிசெய்யும்போது பிடியைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் பைத்தியம் பிடித்து ஓடும். அப்படிச் சாய்க்க வேண்டும் என்பதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூப்பிட்டார். நல்ல உடுப்பில் வரச்சொன்னார். வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நீள மேசையில் களிம்பின் மாதிரி டப்பாக்கள், சுற்றி ஆறு பேர். நடுவில் தோல் மருத்துவரான ஓர் அம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு, கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாலிஷ் ஒரு மணி நேரம் பேசினார். செடி, செல், அழற்சி, சுருக்கம், இளமை. வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு போயின. கடைசியில் அளவீடு எவ்வளவு துல்லியம் என்று காட்ட என் பக்கம் திரும்பினார். நான் ஓட்டின் மேல் நிறமானியை வைத்து, இடப்பக்கம் சாய்த்து, எண்களைச் சரிசெய்தேன். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். யாருடைய தோலில் அளப்பது என்பது போல.

எங்கள் வழக்கம் தெரிந்த யாரும் சொல்லக்கூடியதைப் பாலிஷ் சொன்னார்.

"உங்க கையிலயே காட்டுங்கம்மா."

ஐந்து வாரமாக நான் காத்திருந்தது இந்த மூன்று வார்த்தைகளுக்கு. பொத்தானைக் கழற்றி, சட்டையை ஒவ்வொரு மடிப்பாக மேலே சுருட்டினேன். அவசரப்படவில்லை. முதல் வரிசை வந்தது. இரண்டாம் வரிசை வந்தது. கையை மேசைமேல், அந்த மருத்துவருக்கு முன்னால், திறந்த கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நிறமானியை ஒவ்வொரு சதுரமாக வைத்து எண்களைச் சத்தமாகப் படித்தேன். நடுவிலிருந்த வெறும் தோலின் எண்ணையும் படித்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

பாலிஷ் சிரித்தார். அது ஏதோ சாயம் என்றும், இவருக்கு இடமாற்றத்தில் மனக்கசப்பு உண்டு என்றும் மற்றவர்களிடம் வருத்தத்தோடு சொன்னார். அந்த அம்மா பையிலிருந்து பஞ்சு எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, என் கையில் அழுத்தித் தேய்த்தார். உயிர் போய் வந்தது. பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"என்ன பூசினீங்க?" என்றார்.

"மூணாம் பகுதிம்மா. இந்த டப்பாவுல இருக்கறதேதான். பூசிட்டு வெயில்ல உட்கார்ந்தேன்."

"ஏன் தெரிஞ்சே இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?"

"ரெண்டாவது தடவைம்மா இது. முதல் தடவை பண்ணினது உங்க கையில இருக்கே, அந்தக் கட்டுரை."

ஐந்தாம் படத்தையும் ஆறாம் படத்தையும் தனித்தனியாக அச்செடுத்து வைத்திருந்தேன். ஆறாவதைத் தலைகீழாகத் திருப்பி, ஐந்தாவதற்குப் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். தழும்பை அழித்தது போக மிஞ்சிய வெளிறிய கோடு ஒரு படத்தில் புறப்பட்டு அடுத்ததில் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் கீழே என் கையை வைத்தேன். அதே சாய்வில், அதே கோடு.

"சார்" என்றேன். அவரை நேராகப் பார்த்தேன். "அஞ்சாம் நம்பர் ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயசு, ஆம்பளைன்னு போட்டிருக்கீங்க. ஆறாம் நம்பர் காலேஜ் பொண்ணு. எங்கக்கா வச்ச இஸ்திரிப் பெட்டி இவங்க ரெண்டு பேரையும் எப்படி சார் சுட்டுது?"

மேசையின் கோடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பாலிஷின் முகத்திலிருந்து மினுமினுப்பு இறங்கியது. அடியில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. ஒரு வயதான, பயந்த, சாதாரணத் தோல். அதைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் நடைபாதையில் என் பக்கத்தில் வந்து நின்றார். முதல் முறையாகப் பளபளப்பில்லாத குரலில் பேசினார்.

"நேரா வந்து கேட்டிருக்கலாமே. உன் கைய நீயே கெடுத்துக்கிட்டியேம்மா."

"பன்னிரண்டு பேர் சாட்சி சொல்ல வர வேணாமா சார்?"

*

விசாரணை நான்கு மாதம் இழுத்தது. மூன்று அமர்வுகள். ஒவ்வொன்றிலும் கையை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தத் தோல் மருத்துவர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடனே கையை மூடி மருந்து போட ஆரம்பிக்கச் சொன்னார். இன்னும் வெயில் பட்டால் இந்தக் கறை ஆயுசுக்கும் போகாது என்றார். நான் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வாரம் முன்னால் மாடிக்குப் போனேன். எங்கே அது மங்கிவிட்டால், என்ன பெரிதாக நடந்துவிட்டது என்று எவனாவது சொல்லிவிடுவான்.

அக்கா இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் பெரிய சண்டை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒருத்தனைக் கருக்க நீ எத்தனை தடவை வேகணும் என்று கேட்டாள். பிறகு, பழக்க தோஷம், பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு சதுரத்தை அளந்தாள். "ரெண்டுக்கு ரெண்டு. கோணல் இல்ல" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

கடைசியில் உத்தரவு வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, டப்பாக்கள் திரும்ப வாங்கப்பட்டன, பாலிஷ் நீக்கப்பட்டார். அவர் பொருள்களை எடுத்துப் போக வந்த நாள் நல்ல உச்சி வெயில். நான் வரவேற்பறையில் நின்றேன். குடை தாங்கியில் அந்த மரப்பிடிக் குடை இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவர் தாங்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கார் இப்போது வாசலில் நிற்க அனுமதி இல்லை. எதிரே இருந்த மைதானத்தின் கடைசியில் நின்றது.

"அந்தக் குடை..." என்றார்.

நான் குடையை நீட்டவில்லை. சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பெட்டியோடு வெளியே இறங்கினார். மைதானத்தைக் கடக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை பெட்டியைக் கீழே வைத்தார். ஒரு முறை உள்ளங்கையை நெற்றிக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து கடைசிவரை பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தாலும் பார்த்திருப்பேன்.

கார் போன பிறகு வெளியே வந்து குடையை விரித்தேன். அதன் நிழல் என் கைமேல் விழுந்தது. எத்தனையோ மாதத்தில் முதல் முறையாக அந்தத் தோல் குளிர்ந்தது. பன்னிரண்டு சதுரங்களும் அப்படியே இருந்தன. இனி எத்தனை மங்கும், எத்தனை என்னோடே வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நிழலோடே அக்கா வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். வெட்டவெளியில், மூன்றுகால் கருவியின் பின்னால், துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றாள். குடையை நீட்டினேன். வாங்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"நல்ல குடைடி. யாரோடது?"

"இனிமே உன்னோடது" என்றேன்.